கண்டக்டர் பகலவனும் கடைசி அத்தியாயமும்

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் கதைப் புத்தகம் வைத்திருப்பவர்கள், கரியாலூர் பஸ் உள்ளே நுழைந்தால் புத்தகத்தைச் சட்டைக்குள்ளோ முந்தானைக்குள்ளோ ஒளித்துக்கொள்வார்கள். திருட்டுப் பயம் இல்லை. அந்த பஸ்ஸின் கண்டக்டர் பகலவன் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்கிற பயம். பட்டால் போச்சு. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அட்டையை ஒரு பார்வை பார்ப்பான். “டாக்டர நம்பாதீங்க, விஷ ஊசி போட்டதே அவருதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவான். டிக்கெட் வாங்கியவர் பாதி படித்த புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே வெறித்துப் பார்த்தபடி கச்சிராயபாளையம் வரைக்கும் போவார்.

பகலவன் படிக்காத வகை கிடையாது. பேய்க்கதை படிப்பான், ஆனால் பஸ் பகல் நடை போகும்போது மட்டும். மாமியார் மருமகள் கதை படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டான். பிள்ளைகளுக்காக எழுதிய சரித்திரக் கதைகள் என்றால் உயிர்; ஆனால் குதிரைக்குப் பெயர் வைக்காத சரித்திரக் கதையை அவன் மதிக்கமாட்டான். எல்லாவற்றுக்கும் மேலே கோர்ட்டுக் கதை. வக்கீல் மேஜையைக் குத்துகிற இடம் வந்தால் இவனும் எதிர் சீட்டுக் கம்பியைக் குத்துவான். டிக்கெட் கணக்கில் சந்தேகம் கேட்ட பஸ் முதலாளியிடம் ஒருமுறை “கனம் கோர்ட்டார் அவர்களே” என்று ஆரம்பித்து, அந்த மாதம் முழுக்க, மலை மேலேயே ராத் தங்க வேண்டிய கரியாலூர் கடைசி நடையையே வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

ஆள் பொல்லாதவன் இல்லை. முடிவைச் சொல்வது பயணிகளுக்குத் தான் செய்யும் சேவை என்று உண்மையாகவே நம்பினான். அதற்குச் சொந்தமாக ஒரு நியாயமும் வைத்திருந்தான். எந்த பஸ்ஸாக இருந்தாலும் நெற்றியில் போகிற ஊரை எழுதி வைத்திருக்கிறோமா இல்லையா? போர்டு இல்லாத பஸ்ஸில் எவனாவது ஏறுவானா? பஸ்ஸுக்கு ஒரு நியாயம், கதைக்கு ஒரு நியாயமா? எங்கே போய்ச் சேரும் என்று தெரியாமல் இருநூறு பக்கத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்களே என்று மனிதர்கள் மேல் அவனுக்கு இரக்கம் வரும். இரக்கப்பட்டுச் சொல்லிவிடுவான்.

பஸ் நிலையத்துக்கு எதிரே பழைய பேப்பர் கடை வைத்திருந்த கவுஸ் பாஷா பாய் இந்த இரக்கத்தில் மூன்று துப்பறியும் நாவல்களை இழந்தவர். “கடைக்குள்ள நீ வரலாம்ப்பா. உன் வாய் வரக்கூடாது. அத்த வெளியவே வுட்டுட்டு வா” என்று வாசலிலேயே நிறுத்திச் சொல்வார்.

இப்படிப்பட்டவனுக்கு நிர்மலா மனைவியாக வாய்த்தாள் என்பதுதான் வேடிக்கை. அவளும் படிப்பவள். அவனை விட அதிகம் படிப்பவள். ஆனால் மெதுவாகப் படிப்பவள். சின்னசேலத்தில் பிறந்து, தையல் மெஷினோடு வாழ வந்தவள். தெருவுக்கெல்லாம் ஜாக்கெட் தைப்பாள். கவுஸ் பாஷா பாய் கடையில் எடைக்கு வரும் வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைகளை மட்டும் வாரவாரியாகக் கிழித்து எடுத்து வருவாள். எல்லா வாரமும் சேர்ந்ததும் வரிசையாக அடுக்கி, ஜாக்கெட் நூலாலேயே தைத்து, மிச்சத் துணியில் அட்டை போட்டு வைப்பாள். சரித்திரக் கதைக்குச் சிவப்பு அட்டை, குடும்பக் கதைக்குப் பூப்போட்ட அட்டை, கொலைக் கதைக்குக் கறுப்பு. பிறகு நாளுக்கு ஓர் அத்தியாயம். கடைசி அத்தியாயத்தை மட்டும் உடனே படிக்கமாட்டாள். கையில் வேலை இல்லாத ஒரு நாள் பார்த்து, தலைக்குக் குளித்து, டீ போட்டு வைத்துக்கொண்டு படிப்பாள். அது அவளுக்கு ஒரு பண்டிகை.

அந்தப் பண்டிகையைத்தான் பகலவன் கல்யாணமான நாளிலிருந்து கெடுத்துக்கொண்டிருந்தான். முதல் வாரத்திலேயே, தாய்வீட்டுப் பெட்டியில் அவள் கொண்டுவந்திருந்த நாவலின் முடிவைச் சாப்பிடும்போது சொன்னான். புது மாப்பிள்ளை என்பதால் சிரித்தாள். அடுத்ததற்கு முறைத்தாள். அதற்கடுத்ததற்குக் குழம்பில் உப்பு ஏறியது.

கடைசியில் அந்த அக்கா தங்கை தொடர்கதை வந்தது. திருவிழாவில் காணாமல்போன அக்கா உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று ஏறக்குறைய ஒரு வருடம் எழுதினார்கள். பழசாகி எடைக்கு வரும் வரை பொறுக்காமல் நிர்மலா அதை மட்டும் புதுப் பத்திரிகையாகவே வாங்கி வாரவாரம் படித்தாள். முடிவு வருகிற அன்று காலையில் பகலவன் பஸ் நிலையத்திலேயே பத்திரிகையை வாங்கிவிட்டான். பஸ் கிளம்பி அவன் வீட்டுத் தெருவைத் தாண்டும்போது அடக்க முடியவில்லை. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, “நிர்மலா! அக்கா சாவல! பம்பாயிலேர்ந்து வந்துட்டா!” என்று தெருவே கேட்கக் கத்திவிட்டான்.

எதிர் வீட்டு அமிர்தத்துக்கு நிஜமாகவே பம்பாயில் ஓர் அக்கா இருந்தாள். போய் எத்தனையோ வருடமாகத் தகவல் இல்லை. அமிர்தம் அடுப்பில் சோற்றை அப்படியே போட்டுவிட்டு, தலைவிரி கோலமாக பஸ் நிலையம் வரைக்கும் ஓடிப் போய்த் தேடிவிட்டு அழுதுகொண்டே திரும்பி வந்தாள். அவளைச் சமாதானப்படுத்தித் தண்ணீர் கொடுத்தது நிர்மலாதான்.

அன்று பகலவன் வீட்டுக்கு வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிர்மலா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஒரு வருசங்க. ஒரு வருசமா ஒரு வாரத்துக்காவக் காத்துக்கினு இருந்தேன். அந்தப் பொம்பள சோத்தத் தீய வுட்டுட்டு ஓடுறா. இன்னா மனுசன் நீங்க?”

“இல்ல நிர்மலா, நல்ல சேதியாச்சேன்னு...”

“இனிமே எந்தக் கதைக்குனா முடிவச் சொன்னீங்கன்னு என் காதுல வுழட்டும். எனக்குன்னு இல்ல, யாருக்குச் சொன்னாலும் சரி. சின்னசேலத்துக்கு எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன். மெஷினையும் தூக்கிக்கினு போவேன்.”

பகலவன் மெஷினைத் திரும்பிப் பார்த்தான். கோபித்துக்கொண்டு துணிப்பையோடு போகிற பெண்டாட்டி இரண்டு நாளில் திரும்பி வருவாள். மெஷினோடு போகிறவள் வரமாட்டாள். அது அவனுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

அதன்பிறகு நிர்மலா அவனோடு பேச்சைக் குறைத்துவிட்டாள். சோறு, தண்ணி, சாவி என்று தேவைக்கு ஒரு சொல். அவ்வளவுதான். பகலவன் ஒரு புது உபாயம் கண்டுபிடித்தான். முடிவு நாக்கு நுனி வரை வந்துவிட்டால் கண்டக்டர் விசிலை எடுத்துப் பல்லிடுக்கில் கடித்துக்கொள்வான். கடிக்கிற வேகத்தில் சில சமயம் அது ஊதிவிடும். டிரைவர் பிச்சைமுத்து பிரேக்கைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். இறங்க ஒருத்தரும் இருக்கமாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நிர்மலா ஒரு கோர்ட்டுக் கதையைத் தைத்து முடித்தாள். கறுப்பு அட்டை. ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் முதலாளி பாயசம் குடித்துச் சாகிறார். சமையல்காரன் சின்னப்பனைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அவனுக்காக வாதாட ஒரு வக்கீலம்மா வருகிறாள். நிர்மலா கடைசி அத்தியாயம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் படித்துவிட்டாள். பகலவன் அந்தக் கறுப்பு அட்டையைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. கத்தரியால் தையலைப் பிரித்துக் கடைசி அத்தியாயத்தை மட்டும் உருவி, தைக்க வந்த துணி மூட்டைக்குள் செருகினாள். மிச்சத்தை அவன் கையில் கொடுத்தாள்.

“படிங்க. முடிவு எங்கிட்ட இருக்குது. நான் படிச்சப்பறம் தரேன். அதுவரிக்கும் நீங்க யார்கிட்டயும் வாயத் தொறக்க வழியே இல்ல.”

பல நாளுக்குப் பிறகு அவள் பேசிய நீளமான பேச்சு அது. முடிவு இல்லாத புத்தகத்தைக் கொடுத்ததற்கு வருத்தப்படுவதா, பேசியதற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் பகலவன் அதைப் பையில் வைத்துக்கொண்டான். கூடவே ஒரு சிவப்பு அட்டையும் எடுத்துக்கொண்டு கரியாலூருக்குக் கடைசி நடை கிளம்பினான்.

அது எண்பத்தேழாம் வருடம் செப்டம்பர் மாதம். இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். முதலாளி, “ராத்திரி மேலயே தங்கிட்டு விடியறதுக்குள்ள எறங்கி வந்துடுங்க, ஒண்ணும் ஆவாது” என்றார். விடிவதற்குள் அடிவாரத்துச் சாலையில் புளியமரங்கள் படுத்துவிட்டன. ஒன்றிரண்டு அல்ல, உளுந்தூர்பேட்டை வரைக்கும் அப்படித்தான் என்று கீழேயிருந்து நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். பிச்சைமுத்து பஸ்ஸின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “என் மச்சானும் அங்கதான் கோடாலியோட நிப்பான். நம்ம பஸ்ஸுன்னு தெரிஞ்சா இன்னும் ரெண்டு மரம் சேத்து வெட்டுவான்” என்றார். இட ஒதுக்கீடு கேட்டவர்களிடம் நியாயம் இருந்தது. மாட்டிக்கொண்டவர்களிடம் பஸ் மட்டும்தான் இருந்தது. சில ஊர்களில் துப்பாக்கிச் சூடு, சாவு என்றும் செய்தி வந்தது. அந்த நாள் முழுக்க யாரும் சிரிக்கவில்லை.

ஊர் அவர்களைக் கைவிடவில்லை. இருசம்மாள் என்கிற பெண்மணி இரண்டு வேளையும் களியும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தாள். சும்மா தின்னக் கூச்சமாக இருந்தது பகலவனுக்கு. பொழுது சாய்கிற நேரத்தில், ஊர் கூடுகிற புங்க மரத்தடியில் உட்கார்ந்து சிவப்பு அட்டைக் கதையைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். கோட்டையைப் பறிகொடுத்த பொடியன் இளவரசன் ஒருவன், பலாப்பழக் குவியலுக்குள் ஒளிந்து தப்பிக்கிறான். காட்டில் ஒரு குருட்டு யானையோடு சிநேகம் ஆகிறான். குதிரைக்கும் பெயர் இருந்தது. ஊரே வந்து உட்கார்ந்து கேட்டது. எதிரி வீரர்கள் பையனைச் சுற்றி வளைத்த இடத்தில் இருசம்மாள் “ஐயோ” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பகலவனுக்கு இரக்கம் வந்துவிட்டது.

“பயப்படாதீங்கம்மா. கடேசில அந்தக் குருட்டு யானதான் கோட்டக் கதவ ஒடச்சிப் பையனக் காப்பாத்தும்.”

மறுநாள் மரத்தடியில் பிச்சைமுத்துவும் இரண்டு ஆடுகளும்தான் இருந்தார்கள். பகலவன் காத்திருந்து பார்த்துவிட்டு இருசம்மாள் வீட்டுக்கே போனான். அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, கதைக்கு யாரும் வரல?”

“அதான் சொல்லிட்டியே கண்டக்டரே. யான வந்துடும், பையன் பொழச்சுக்குவான். அப்பறம் நாங்க எதுக்கு?”

பகலவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். பஸ்ஸில் முடிவைச் சொன்னால் யாரும் எழுந்து போனதில்லை. எப்படிப் போவார்கள், டிக்கெட் வாங்கியாயிற்றே! இங்கே யாரும் டிக்கெட் வாங்கவில்லை. பிடிக்காவிட்டால் எழுந்து போய் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். இத்தனை வருடம் தன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் இறங்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் என்று அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. சோற்றைத் தீய விட்டுவிட்டு ஓடிய அமிர்தம் நினைவுக்கு வந்தாள். வெட்கமாக இருந்தது.

“இன்னொரு கத இருக்குதும்மா. கோர்ட்டுக் கத. இதுக்கு முடிவு எனக்கே தெரியாது.”

“ஏன்?”

“என் வூட்டுக்காரம்மா அத்த மட்டும் பிரிச்சு எடுத்து வச்சிக்கினாங்க.”

இருசம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “கெட்டிக்காரி” என்றாள். அடுத்த நாள் முன்னைவிடக் கூட்டம் வந்தது.

பாயசக் கதையை அந்த ஊர் கேட்ட மாதிரி ஏற்காட்டுக்காரர்கள்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள். அரசுத் தரப்பு வக்கீல் பேசும்போது காறித் துப்பினார்கள். இறந்தவரின் தம்பி சாட்சி சொல்லும்போது, “இவன் மூஞ்சியே சரியில்ல” என்றார்கள். அந்த மூஞ்சி எப்படி இருக்கும் என்று கதையில் ஒரு வரிகூட இல்லை. ஒவ்வொரு நாளும் பகலவன் நிறுத்தும்போது மறுநாள் என்ன ஆகும் என்று அவனும் ஊரோடு சேர்ந்து தவித்தான். முன்கூட்டிப் புரட்டிப் பார்க்கவில்லை. புரட்டினாலும் கடைசியில் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

கதை வந்து நின்ற இடம் இதுதான்: நீதிபதி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். தீர்ப்பைப் படிக்க வாயைத் திறந்தார்.

பகலவன் புத்தகத்தை மூடினான்.

“அப்பறம்?” என்றார் அம்மாசி. ஊரில் வழக்குத் தீர்க்கிறவர் அவர்தான்.

“அவ்ளோதாங்க. மிச்சம் கீழ, வூட்டுல இருக்குது.”

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவும் முடியாது. அந்த மரத்தடியில் பிரித்த வழக்கைத் தீர்ப்புச் சொல்லாமல் விட்டு எழுந்தால் ஊருக்கு ஆகாது என்பது அங்கே பழக்கம். பிச்சைமுத்து சிரித்தார். “இன்னாங்க இது, வெறும் கததானே?”

“கததான். நான் இல்லன்றனா?” என்றார் அம்மாசி. “ஆனா ஒருத்தன இட்டாந்து இங்க நிக்க வச்சிட்டோம். அவன அப்படியே நிக்க வுட்டுட்டு நாம போய்ச் சோறு துன்ன முடியுமா?”

அதற்குமேல் யாரும் மறுக்கவில்லை. வழக்கு என்றால் குற்றவாளி எதிரே நிற்க வேண்டும். சின்னப்பனுக்குப் பதிலாக ஓர் ஆள் தேவைப்பட்டது. சிரித்தவரையே நிற்க வைத்தார்கள். பிச்சைமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்தடியில் போய் நின்றார். முதலில் விளையாட்டாகத்தான் நின்றார். நாலு பேர் முறைத்துப் பார்த்ததும் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்க ஆரம்பித்தார்.

பகலவன் வக்கீலம்மாவின் இடத்தில் எழுந்தான். வாழ்நாளெல்லாம் காத்திருந்த நேரம். “கனம் கோர்ட்டார் அவர்களே!” என்று அவன் குரல் கொடுத்ததில் புங்க மரத்துக் குருவிகள் பறந்தன. குத்துவதற்கு மேஜை இல்லாததால் தன் தொடையையே குத்திக்கொண்டான்.

“பாயசம் எத்தினி பேரு குடிச்சாங்க?” என்று கேட்டார் அம்மாசி.

“மூணு பேருங்க.”

“செத்தது ஒருத்தன்தான். அப்போ பானையில ஒண்ணும் இல்ல. டம்ளர்லதான் இருந்திருக்குது. டம்ளர எடுத்துக் குடுத்தது யாரு?”

“தம்பிக்காரன்.”

கூட்டம் “பாத்தியா” என்றது. அப்போது இருசம்மாள் பின்னாலிருந்து எழுந்தாள்.

“சமையக்காரனுக்குப் பொண்டாட்டி இருக்காளா?”

பகலவன் யோசித்தான். “இருக்காங்க. மூணாவது வாரத்துல ஒரு எடத்துல வராங்க. அழுவுறாங்க.”

“அழ மட்டும் வுட்டாங்களா? அவள ஒரு வார்த்த கேக்கலியா? வூட்டுக்காரன் கொலகாரனா இல்லியான்னு பொண்டாட்டிக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? இன்னா கோர்ட்டு அது?”

கூட்டத்துப் பெண்கள் “அதானே” என்றார்கள். அம்மாசி பெரியவர்களோடு தலையைச் சேர்த்துப் பேசிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். சின்னப்பன் மேல் குற்றமில்லை. எஸ்டேட்காரர்கள் அவனைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வக்கீலம்மாவுக்கு ஒரு கோழி. தம்பிக்காரன் ஊர் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும். பிச்சைமுத்து இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். “நல்ல வேளடா சாமி” என்று அவர் சொன்னது நடிப்பு இல்லை.

பகலவனுக்குக் கண் கலங்கிவிட்டது. முடிவு தெரியாமல் ஒரு கதையின் முடிவுக்கு அவன் வந்து சேர்ந்தது அதுதான் முதல் தடவை. இவ்வளவு சந்தோஷமான காரியமா இது என்று இருந்தது.

மறியல் முடிந்து மரங்களை ஓரமாக இழுத்துப் போட்டபிறகு பஸ் கிளம்பியது. இருசம்மாள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, “கோர்ட்டு இன்னா சொல்லிச்சுன்னு வந்து சொல்லணும் கண்டக்டரே” என்றாள். பகலவன் கட்டாயம் சொல்வதாக வாக்குக் கொடுத்தான்.

கீழே பஸ் நின்றபோது கவுஸ் பாஷா பாய் கடை வாசலில் நிர்மலா நின்றிருந்தாள். தினமும் வந்து நின்றாள் என்று பாய் பிறகு சொன்னார். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சாப்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் துணி மூட்டைக்குள்ளிருந்து கடைசி அத்தியாயத்தை எடுத்து வைத்தாள். மடிப்புக்கூடக் கலையவில்லை.

“நீ படிக்கலியா? ஒரு வாரம் இருந்துச்சே?”

“மரத்த வெட்டுறாங்க, பஸ்ஸக் கொளுத்துறாங்கன்னு ஆளாளுக்குச் சொல்லிக்கினு இருக்காங்க. இதுல சமையக்காரன் இன்னா ஆனா எனக்கு இன்னா?” என்றாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஒக்காருங்க, படிக்கலாம்” என்றாள்.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். அவள் மெதுவாகப் படித்தாள். அவன் ஒவ்வொரு பக்கத்தையும் முடித்துவிட்டு அவள் வரும்வரை காத்திருந்தான். கடைசி வரி வந்ததும் நிர்மலா தாள்களை மடித்து வைத்தாள். ஊர் சொன்ன தீர்ப்பு வேறு, கோர்ட்டு சொன்ன தீர்ப்பு வேறு. அதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள்; பகலவன் பட்ட பாடு எனக்கு வேண்டாம்.

“இருசம்மா அழும்” என்றான் பகலவன்.

“யாரது?”

மலையில் நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னான். நடுவில் எங்கேயும் தாவவில்லை. தீர்ப்பைத் தீர்ப்பு வரும்போதுதான் சொன்னான். பிச்சைமுத்து கால் மாற்றி நின்றதைச் சொன்னபோது நிர்மலா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

“போய் முடிவச் சொல்லப்போறீங்களா?”

“வாக்குக் குடுத்துட்டனே.”

“அப்போ நானும் வரேன்” என்றாள். துணைக்கு வருகிறாளா, சாட்சிக்கு வருகிறாளா என்று பகலவனுக்குப் புரியவில்லை. யாருக்குச் சொன்னாலும் சரி என்று அவள் அன்று சொன்னதை அவள் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. மூலையில் தையல் மெஷின் மூடி போட்டு, தூக்கிக்கொண்டு போகத் தோதாக இருந்தது.

மறுநாள் பஸ் கரியாலூரில் நிற்பதற்கு முன்பே கூட்டம் சூழ்ந்துகொண்டது. பகலவன் விசிலைக் கடித்துக்கொண்டு இறங்கினான். பின்னாலேயே நிர்மலா இறங்கினாள். இருசம்மாள் முன்னால் வந்தாள்.

“இன்னா ஆச்சு சின்னப்பனுக்கு?”

முடிவு பகலவனின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லாவிட்டால் வாக்குப் போகும். சொன்னால் மெஷின் போகும். அதையெல்லாம் விட, எதிரே நிற்கிற இந்த அம்மாளின் முகம். கதை கேட்டு முடித்த அன்றிலிருந்து அந்தச் சமையல்காரன் பிழைத்துவிட்டான் என்று நம்பிக்கொண்டிருக்கிற முகம். அவன் விசிலை வாயிலிருந்து எடுத்தான். நிர்மலா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“இவங்கதான் என் வூட்டுக்காரம்மா” என்றான் பகலவன். “கடேசி அத்தியாயம் இவங்ககிட்டதான் இருக்குது. இன்னும் படிக்கல. இவங்க படிக்காம எங்கிட்டத் தரமாட்டாங்க.”

ஊர் முழுக்க நிர்மலா பக்கம் திரும்பியது. நிர்மலா அவனைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை அப்படிப் பார்த்ததில்லை.

“ஆமாங்க” என்றாள். “நான் கொஞ்சம் மெதுவாப் படிப்பேன்.”

“எப்ப முடிப்பம்மா?” என்றாள் இருசம்மாள்.

“ரொம்ப மெதுவாப் படிப்பேங்க.”

அம்மாசி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பொய்ச் சாட்சி எத்தனை பார்த்திருப்பார் அவர்! வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

“அவசரமில்லம்மா. பொறுமையாவே படி. அதுவரிக்கும் சின்னப்பன் வெளியவே இருக்கட்டும்.”

இருசம்மாள் நிர்மலாவின் மடியில் ஒரு முறம் மொச்சையைக் கொட்டினாள். இறங்கி வரும்போது நிர்மலா கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். மொச்சையைப் பற்றி, கொண்டை ஊசி வளைவைப் பற்றி, அமிர்தத்துக்கு ஒரு ஜாக்கெட் சும்மா தைத்துக் கொடுக்க வேண்டும் என்பது பற்றி. பகலவன் டிக்கெட் போடவும் மறந்து கேட்டுக்கொண்டு வந்தான். மெஷின் மூடியை அன்றே கழற்றிவிட்டாள்.

ஒரு பத்து நாள் கழித்து இன்னொரு கறுப்பு அட்டையைத் தைத்து முடித்தாள். முதல் பக்கத்தைக்கூட அவள் பிரித்துப் பார்க்கவில்லை. காலையில் அவன் கிளம்பும்போது பையில் வைத்து, “நீங்க மொதல்ல படிங்க” என்றாள். பஸ் நிலையத்தில் எடுத்துப் பார்த்தான் பகலவன். கடைசி அத்தியாயத்தையும் சேர்த்து நூல் போட்டுத் தைத்திருந்தாள். கவுஸ் பாஷா பாயிடம் அதைக் காட்டினான். பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துவிட்டு, “அந்தப் பொண்ணுக்கு உன்மேல எவ்ளோ நம்பிக்கடா!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கரியாலூரில் பஸ் நின்ற நேரத்தில் பகலவன் அதைப் படித்து முடித்துவிட்டான். அப்படி ஒரு முடிவை அவன் கனவிலும் நினைக்கவில்லை. இறங்கும் வழி முழுக்க விசிலைப் பல்லால் கடித்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் அது ஊதியது. பிச்சைமுத்து நிறுத்தினார், எடுத்தார், நிறுத்தினார். “யோவ், எறங்கறவன் எவன்யா?” என்று கடைசியில் கத்தியே விட்டார்.

வீட்டில் நிர்மலா, கடைசி அத்தியாயத்துக்குச் செய்கிற மாதிரியே தலைக்குக் குளித்து, டீ போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். “படிச்சிட்டீங்களா?” என்று கேட்டாள். பகலவன் தலையை மட்டும் ஆட்டினான். அவள் சிரித்துக்கொண்டே புத்தகத்தை வாங்கி முதல் அத்தியாயத்தைப் பிரித்தாள். பகலவன் எதிரே உட்கார்ந்து அவள் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். விசிலை இன்னும் வாயிலிருந்து எடுக்கவில்லை.